மிப்ஸ் நிறுவனம் தன் மொழியை ஏன் கைவிட்டது?

எமது வீடுகளில் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலோ வாசல் அலுமாரியின் மேலோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பச்சை விளக்குகள் மினுங்கிக்கொண்டிருக்கும். அது ஒழுங்காக வேலை செய்யும்வரை அதை ஒருவரும் கவனிப்பதில்லை. ஊரில் இருக்கும் அம்மாவோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது படம் உறைந்துவிட்டால், முதலில் எழுந்துபோய் அதன் வயரைத்தான் கழற்றி மாட்டுவோம். அந்த வைஃபை பெட்டி பத்துப் பதினைந்து வருடப் பழையதென்றால், அதன் மூளையாக இருக்கும் புரொசெசர் 'மிப்ஸ்' என்ற கட்டமைப்பைச் சேர்ந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அந்தக் கட்டமைப்பை உருவாக்கிய நிறுவனத்தின் பெயரும் மிப்ஸ்தான். 2021 மார்ச்சில் அந்த நிறுவனம் ஒரு அறிவிப்பை விடுத்தது. தனது எட்டாம் தலைமுறை புரொசெசர்கள் மிப்ஸ் கட்டமைப்பில் அமையமாட்டா, 'ரிஸ்க்-ஃபைவ்' என்ற வேறொரு கட்டமைப்பிலேயே அமையும் என்பது அதன் சாரம். முப்பத்தைந்து வருடங்களுக்கு மேலாகத் தன் பெயரிலேயே வழங்கிய தொழில்நுட்பத்தை, அதைப் பெற்றவர்களே ஒதுக்கிவைத்தார்கள்.

தொழில்நுட்பச் செய்திகளில் இது பெரிதாக அடிபடவில்லை. ஆனால் கணக்கு எழுதிப் பிழைக்கும் எம்மைப் போன்றோருக்கு இதில் கவனிக்க நிறைய உண்டு. ஒரு நிறுவனத்தின் உண்மையான சொத்து எது? இன்னொருவரின் அனுமதியில் கட்டிய வீடு எவ்வளவு காலம் நிற்கும்? இந்த இரண்டு கேள்விகளும் மிப்ஸின் கதைக்குள் இருக்கின்றன. எமது பிள்ளைகளில் பலர் கணினித்துறையில் படிப்பதாலும் வேலை செய்வதாலும், பெற்றோரும் விளங்கிக்கொள்ளும்படி இதை எழுதிப் பார்க்கிறோம்.

கட்டளைத் தொகுதி என்றால் என்ன?

ஒரு புரொசெசருக்குத் தெரிந்த வேலைகள் மிகச் சில. இந்த எண்ணை எடு, அந்த எண்ணோடு கூட்டு, விடையை இங்கே வை, இது பூச்சியமென்றால் அந்த இடத்துக்குத் தாவு. இப்படியான சின்னச் சின்னக் கட்டளைகள் கோடிக்கணக்கில் ஓடும்போதுதான் படமும் பாட்டும் வங்கிக் கணக்கும் திரையில் தெரிகின்றன. எந்தெந்தக் கட்டளைகள் உண்டு, ஒவ்வொன்றையும் பூச்சியமும் ஒன்றுமாக எப்படி எழுத வேண்டும் என்ற விதிகளின் பட்டியலைத்தான் கட்டளைத் தொகுதி என்கிறார்கள். கட்டமைப்பு என்று நாம் இங்கே சொல்வதும் இதைத்தான். சிப் செய்பவரும் மென்பொருள் எழுதுபவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வேலை செய்ய முடிவது இந்தப் பட்டியலால்தான்.

கணக்கியலில் இதற்கு நல்ல உவமை ஒன்று இருக்கிறது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, இரண்டும் சமப்பட வேண்டும். இந்த இரட்டைப் பதிவு முறையை வெனிஸ் நகரில் 1494இல் அச்சான தன் நூலில் லூக்கா பாச்சியோலி என்ற துறவி விளக்கி எழுதினார். அவர் அதைக் கண்டுபிடிக்கவில்லை. வணிகர்கள் ஏற்கெனவே பயன்படுத்தியதைத் தொகுத்தார். இன்று யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் பேரேட்டை சூரிச்சில் இருக்கும் கணக்காய்வாளர் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். இதற்காக இருவரும் யாருக்கும் ஒரு சதமும் கட்டுவதில்லை, யாரிடமும் அனுமதி கேட்பதுமில்லை.

புரொசெசர் உலகில் நிலைமை அப்படி இருக்கவில்லை. கணினிகளில் பரவிய கட்டளைத் தொகுதி இன்டெல், ஏஎம்டி ஆகியவற்றின் கையில். கைத்தொலைபேசிகளில் பரவியது பிரித்தானியாவின் ஆர்ம் நிறுவனத்துக்குச் சொந்தம். மிப்ஸ் தொகுதி மிப்ஸ் நிறுவனத்துக்குச் சொந்தம். பேரேட்டில் வரவு எழுதும் ஒவ்வொரு முறையும் பாச்சியோலியின் வாரிசுகளுக்குப் பணம் கட்ட வேண்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்டான்போர்டில் பிறந்த பிள்ளை

1981இல் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஹென்னஸி என்ற பேராசிரியர் தன் மாணவர்களோடு ஒரு ஆய்வைத் தொடங்கினார். அக்காலத்துப் புரொசெசர்களில் கட்டளைகள் மலிந்து, சிக்கலாகிக் கிடந்தன. கட்டளைகளைக் குறைத்து எளிமையாக்கினால் ஒவ்வொன்றும் வேகமாக ஓடும், மொத்தத்தில் லாபம் என்பது அவர்களது எண்ணம். அதே காலத்தில், அதே வளைகுடாவின் மறுகரையில் இருந்த பேர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பற்றர்சன் என்ற பேராசிரியரும் இதே எண்ணத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பேர்க்லிக் குழு தன் வடிவமைப்புக்கு 'ரிஸ்க்' என்று பெயர் வைத்தது. ஆபத்து என்ற பொருளில் அல்ல. குறைந்த கட்டளைத் தொகுதி கொண்ட கணினி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை.

ஹென்னஸி 1984இல் தன் ஆய்வை நிறுவனமாக்கினார். அதுதான் மிப்ஸ். 1986இல் முதல் புரொசெசர் வெளிவந்தது. 1992இல், திரைப்படங்களுக்கான கணினி வரைகலையில் கொடிகட்டிப் பறந்த சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனம் மிப்ஸை வாங்கியது. சொனியின் முதலாவது, இரண்டாவது பிளேஸ்டேஷன்களுக்குள்ளும் நின்டெண்டோ 64 விளையாட்டுப் பெட்டிக்குள்ளும் மிப்ஸ் இருந்தது. 2006இல் புறப்பட்டு 2015இல் புளூட்டோவைக் கடந்துபோன நாசாவின் நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தின் புரொசெசரும் மிப்ஸ் வழி வந்ததே. பின்னர் வைஃபை பெட்டிகளிலும் தொலைக்காட்சிக்கான செட்டொப் பெட்டிகளிலும் அது ஏராளமாகப் பரவியது.

மிப்ஸ் நிறுவனத்தின் பிற்கால வியாபாரம் சிப் தயாரிப்பு அல்ல. கட்டடக் கலைஞர் வீட்டுக்கு வரைபடம் கொடுப்பதுபோல, புரொசெசரின் வரைபடத்தை மற்ற நிறுவனங்களுக்கு விற்றது. வாங்குபவர் முதலில் ஒரு உரிமக் கட்டணம் கட்டுவார். பிறகு, விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு சிறு தொகை கொடுப்பார். ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். சிப் ஒன்றுக்கு 3 சதம் என்று வைத்துக்கொண்டால், 10 கோடி சிப்புகளுக்கு 3 மில்லியன் டொலர். தொழிற்சாலை வேண்டாம், களஞ்சியம் வேண்டாம். கேட்க இனிமையான வியாபாரம்தான்.

நான்கு கட்டளைகளுக்கு ஒரு வழக்கு

உரிமத்தில் பிழைக்கும் நிறுவனம் உரிமத்தைக் காவல் காக்க வேண்டும். மிப்ஸ் தொகுதியில், நினைவகத்தில் ஒழுங்காக வரிசைப்படாத தரவுகளை எடுக்கவும் வைக்கவும் நான்கு கட்டளைகள் இருந்தன. அவற்றுக்குக் காப்புரிமை இருந்தது. லெக்ஸ்ரா என்ற சிறு நிறுவனம் அந்த நான்கையும் விட்டுவிட்டு, மிச்சக் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் புரொசெசர் வரைபடங்களை விற்றது. 1999இல் மிப்ஸ் காப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2001இல் சமரசமானது. லெக்ஸ்ரா அந்தத் தொழிலிலிருந்தே ஒதுங்கியது.

வழக்கில் மிப்ஸின் கை ஓங்கியது. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் ஒரு பாடத்தைப் படித்துக்கொண்டார்கள்: இந்த மொழியில் பேசுவதற்கு அனுமதி வேண்டும், அந்த அனுமதி எந்நேரமும் வழக்காக மாறலாம். சீனாவின் லூங்சன் புரொசெசர்களும் ஆரம்பத்தில் அதே நான்கு கட்டளைகளைத் தவிர்த்தன. பிறகு உரிமம் வாங்கின. 2021இல் மிப்ஸை விட்டு 'லூங்ஆர்ச்' என்று சொந்தத் தொகுதிக்கே போய்விட்டன.

இதற்கிடையில் கைத்தொலைபேசி வந்தது. அங்கே ஆர்ம் முந்திக்கொண்டது. மென்பொருள் எழுதுபவர்கள் அதிகம் பேர் இருக்கும் இடத்துக்குத்தான் சிப் செய்பவர்கள் போவார்கள். சிப்புகள் அதிகம் இருக்கும் இடத்துக்குத்தான் மென்பொருள் எழுதுபவர்கள் வருவார்கள். சனம் கூடும் சந்தைக்கே வியாபாரியும் போவான். வியாபாரி போகும் சந்தைக்கே சனமும் கூடும். அன்ட்ரோயிட் முதலில் மிப்ஸையும் ஆதரித்தது. 2018இல் அதன் மென்பொருள் உருவாக்கக் கருவிகளிலிருந்து மிப்ஸ் நீக்கப்பட்டது. வைஃபை பெட்டிகளுக்குச் சிப் செய்தவர்களும் ஒவ்வொருவராக ஆர்ம் பக்கம் சாய்ந்தார்கள்.

ஐந்தொகை சொன்ன உண்மை

2012 முடிவில் மிப்ஸ் விற்பனைக்கு வந்தது. அந்த விற்பனையின் கணக்கை இன்றைக்கும் வணிக மாணவர்களுக்குப் பாடமாகக் கொடுக்கலாம். நிறுவனத்திடம் 580 காப்புரிமைகள் இருந்தன. அவற்றில் 498ஐ, பல நிறுவனங்கள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு 350 மில்லியன் டொலருக்கு வாங்கியது. அந்தக் காசில் 167.5 மில்லியனைக் கொடுத்தது யார் தெரியுமா? போட்டியாளரான ஆர்ம். மிஞ்சிய 82 காப்புரிமைகள், கட்டளைத் தொகுதி, பொறியியலாளர்கள், வாடிக்கையாளர்கள், பெயர் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து பிரித்தானியாவின் இமாஜினேஷன் நிறுவனம் 100 மில்லியன் டொலருக்கு வாங்கியது. இயங்கிக்கொண்டிருந்த தொழிலை விட, பிறர் மீது வழக்குப் போடும் உரிமைக்கு மூன்றரை மடங்கு விலை.

இதை வேறு விதமாகவும் வாசிக்கலாம். பயன்படுத்துவதற்காக வாங்கியதை விட, பயப்படாமல் இருப்பதற்காக வாங்கியதே அதிகம். அந்தக் காப்புரிமைகள் வேறொருவர் கையில் போய்ச் சேர்ந்தால் தமக்கு எதிராகத் திரும்பும் என்பதே கூட்டமைப்பின் கவலை. காப்புரிமைக்கு ஆயுள் பொதுவாக இருபது வருடம். ஒவ்வொரு வருடமும் அதன் பெறுமதி தேய்ந்துகொண்டே போகும். அந்தத் தேய்வை நாம் ஏட்டில் பதிகிறோம்.

நாம் ஏட்டில் பதியாத ஒன்றும் இருக்கிறது. சர்வதேச கணக்கீட்டு நியமம் 38, பணியாளர்களின் திறமையை நிறுவனத்தின் சொத்தாகப் பதிய இடம் கொடுப்பதில்லை. காரணம் நியாயமானதே: அவர்கள் நாளைக்கே எழுந்து போகலாம், அவர்கள் மீது நிறுவனத்துக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை. அதுபோலவே, வெளியில் இருந்து அந்தக் கட்டமைப்புக்காக மென்பொருள் எழுதும் ஆயிரக்கணக்கானோரும் எந்த ஐந்தொகையிலும் இல்லை. ஆனால் ஒரு கட்டளைத் தொகுதிக்கு உயிர் கொடுப்பவர்கள் இந்த இரு கூட்டத்தாரும்தான். மிப்ஸின் ஏட்டில் இருந்த சொத்துத் தேய்ந்தது. ஏட்டில் இல்லாத சொத்து மெல்ல வெளியேறியது.

திறந்து மூடிய கதவு

2017இல் இமாஜினேஷன் நிறுவனம் இக்கட்டில் விழுந்தது. அதன் மிகப்பெரிய வாடிக்கையாளரான அப்பிள், இனி உங்கள் வரைகலைத் தொழில்நுட்பம் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. மிப்ஸ் 65 மில்லியன் டொலருக்கு டோல்வுட் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. 2018 ஜூனில், செயற்கை நுண்ணறிவுச் சிப்புகளில் ஈடுபட்டிருந்த வேவ் கொம்பியூட்டிங் என்ற நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது.

அந்த நேரத்தில் ரிஸ்க்-ஃபைவ் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து, 2018 டிசம்பரில் வேவ் ஒரு அறிவிப்புச் செய்தது. மிப்ஸ் கட்டளைத் தொகுதியை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், காப்புரிமைப் பாதுகாப்பும் தருகிறோம். பலர் மகிழ்ந்தார்கள். காலம் கடந்தாலும் கதவு திறந்ததே என்றார்கள். ஆனால் 2019 நவம்பரில், ஒரு வருடம் நிறையும் முன்னரே, அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரலில் வேவ் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் போனது.

இந்த ஒரு வருடக் கதைதான் எம்மை அதிகம் யோசிக்க வைத்தது. மிப்ஸும் திறந்திருந்தது, ரிஸ்க்-ஃபைவும் திறந்திருந்தது. விலை இரண்டுக்கும் பூச்சியம். வித்தியாசம், திறப்பு யாரிடம் இருந்தது என்பதில்தான். மிப்ஸின் கதவைத் திறந்தவர் அதை மூடவும் முடிந்தது. தற்காலிக வதிவிட அனுமதியோடு, அடுத்த புதுப்பிப்புக் கடிதம் எப்போது வரும் என்று தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டு வருடக்கணக்கில் வாழ்ந்த எமக்கு, அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. அனுமதி எவ்வளவு தாராளமாக இருந்தாலும் அதன்மேல் வீடு கட்ட மனம் துணியாது. பொறியியலாளர்களுக்கும் அப்படித்தான். ஒரு சிப்பை வடிவமைத்து விற்பனைக்குக் கொண்டுவரச் சில வருடங்கள் பிடிக்கும். அதற்குள் கதவு சாத்தப்படலாம் என்றால் யார் உள்ளே போவார்கள்?

பேர்க்லியின் ஐந்தாவது பிள்ளை

ரிஸ்க்-ஃபைவ் 2010இல் பேர்க்லியில் தொடங்கியது. பேராசிரியர் கிர்ஸ்டே அசனோவிச்சும் அவரது மாணவர்கள் அன்ட்ரூ வோட்டர்மன், யுன்சப் லீ ஆகியோரும் தமது ஆய்வுக்கு ஒரு கட்டளைத் தொகுதி தேடினார்கள். இன்டெலினது மிகச் சிக்கலானது. ஆர்மினுடையதற்கு உரிமச் சிக்கல். ஒரு கோடை விடுமுறைக்குள் தாமே ஒன்றை எழுதிவிடலாம் என்று தொடங்கினார்கள். பற்றர்சனும் துணை நின்றார். பேர்க்லியின் ரிஸ்க் வரிசையில் அது ஐந்தாவது என்பதால் ரிஸ்க்-ஃபைவ்.

அவர்கள் அதை விற்கவில்லை. விதிகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியிட்டார்கள். 2015இல் அதைப் பராமரிக்க ஒரு அமைப்பு உருவானது. 2020இல் அந்த அமைப்பு அமெரிக்காவிலிருந்து சுவிற்சர்லாந்துக்கு இடம்பெயர்ந்தது. எந்த ஒரு நாட்டின் அரசியலும் அதைப் பறித்துவிடும் என்ற பயம் உறுப்பினர்களுக்கு வரக்கூடாது என்பதே நோக்கம். விதிகளை மாற்றுவதென்றால் உறுப்பினர்கள் கூடிப் பேசித்தான் மாற்றலாம். வெளியாகி உறுதிப்பட்ட விதியை யாரும் திரும்பப் பெற முடியாது. அமைப்பே நாளைக்கு இல்லாமல் போனாலும் விதிகள் எல்லோர் கையிலும் இருக்கும்.

வெஸ்டர்ன் டிஜிட்டல் 2017இல் தன் சேமிப்புச் சாதனங்களுக்குள் இதைப் பயன்படுத்தப் போவதாக அறிவித்தது. என்விடியா தன் வரைகலைச் சிப்புகளுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் புரொசெசர்களைத் தன் சொந்தத் தொகுதியிலிருந்து ரிஸ்க்-ஃபைவுக்கு மாற்றியது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையில் உருவான 'சக்தி' புரொசெசர்களும் ரிஸ்க்-ஃபைவ்தான். 2018இல் அவற்றின் சிப் லினக்ஸை இயக்கிக் காட்டியது. யாரிடமும் உரிமம் கேட்காமல் ஒரு பல்கலைக்கழகம் புரொசெசர் செய்ய முடிந்தது இந்தத் திறந்த விதியால்தான்.

இன்னொரு சுவையான விடயம். ஹென்னஸியும் பற்றர்சனும் சேர்ந்து எழுதிய கணினி அமைப்புப் பாடநூல் உலகெங்கும் பல்கலைக்கழகங்களில் படிப்பிக்கப்படுகிறது. அது நீண்டகாலமாக மிப்ஸைக் கொண்டே பாடம் நடத்தியது. 2017இல் அதன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பு வந்தது. அதே 2017ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருது இருவருக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது. ஸ்டான்போர்டில் பிறந்த நிறுவனம் கடைசியில் மறுகரையிலிருந்த பேர்க்லியின் மொழியைப் பேசத் தொடங்குவதற்கு நான்கு வருடம் முன்னரே, அதைப் பெற்ற தகப்பனின் புத்தகம் மாறிவிட்டது.

மாறியது என்ன, மாறாதது என்ன?

வங்குரோத்திலிருந்து 2021இல் வெளிவந்த நிறுவனம் வேவ் என்ற பெயரை விட்டு, மிப்ஸ் என்ற பழைய பெயரை வைத்துக்கொண்டது. மிப்ஸ் மொழியை விட்டது. விநோதமாகத் தெரிந்தாலும் கணக்குச் சரிதான். பெயருக்கு மதிப்பிருந்தது. பொறியியலாளர்களின் அனுபவத்துக்கு மதிப்பிருந்தது. மொழிக்குத்தான் பேசுபவர்கள் குறைந்துகொண்டிருந்தார்கள்.

இரு மொழிகளும் உறவுக்காரர்கள். இரண்டிலும் கணக்குப் போடுவதற்கு 32 பதிவகங்கள், அதாவது மேசையில் கைக்கெட்டும் 32 சிறு தட்டுகள், இருக்கின்றன. அவற்றில் ஒன்று எப்போதும் பூச்சியமாகவே இருக்கும். அடிப்படைக் கட்டளைகள் எல்லாம் 32 பிட் நீளம். ஆனால் சில வேறுபாடுகளும் உண்டு. பழைய மிப்ஸில் ஒரு வழக்கம் இருந்தது: அந்தப் பக்கத்துக்குத் தாவு என்று கட்டளை வந்தாலும், தாவுவதற்கு முன் அடுத்த வரியையும் செய்து முடிக்க வேண்டும். 1980களின் சிப்புகளில் ஒரு நொடித்துளியும் வீணாகாமல் இருக்கச் செய்த தந்திரம் அது. பின்னர் வந்த வேகமான சிப்புகளில் அது தலையிடியாகிவிட்டது. ரிஸ்க்-ஃபைவில் அது இல்லை. ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைத் தொகுதியில் 40 கட்டளைகளே உண்டு. பெருக்கல், தசமக் கணக்கு முதலானவை தனித்தனி இணைப்புகள். தேவையானதை மட்டும் சேர்க்கலாம். நிறுவனங்கள் தமக்கென்று சொந்தக் கட்டளைகள் சேர்க்கவும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

2022 மேயில் மிப்ஸ் தன் முதல் ரிஸ்க்-ஃபைவ் வரைபடங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று பி8700. அதில் இருக்கும் திறமை பழைய மிப்ஸ் காலத்திலேயே வளர்ந்தது. ஒரு எழுதுவினைஞர் ஒரு கோப்புக்காகத் தொலைபேசியில் காத்திருக்கும் நேரத்தில் மற்றக் கோப்பை எடுத்துச் செய்வதுபோல, ஒரே புரொசெசர் இரண்டு வேலைகளை மாறி மாறிச் செய்வது அவர்களது கைவந்த கலை. வாகனங்களுக்குக் கண்போன்ற சிப்புகளைச் செய்யும் இஸ்ரேலின் மொபைல்ஐ நிறுவனம் முன்னர் மிப்ஸ் மொழிப் புரொசெசர்களைப் பயன்படுத்தியது; பி8700ஐயும் அது ஏற்றுக்கொண்டது. மொழி மாறியும் வாடிக்கையாளர் கூடவே வந்தார். அவர் வாங்கியது மொழியை அல்ல, தொழில் தெரிந்த கையை என்பது அதிலிருந்து தெரிகிறது.

மென்பொருள் என்னாகும்? ஒரு அலுவலகம் கணக்கு மென்பொருளை மாற்றும்போது நடப்பதை நினைத்துப் பாருங்கள். பற்றுச்சீட்டுகள் எல்லாம் கோப்பில் இருந்தால் எந்தப் புதிய முறையிலும் ஏட்டை மறுபடி எழுதிவிடலாம். அச்சடித்த கூட்டுத்தொகை மட்டும் இருந்தால் திண்டாட்டம்தான். மென்பொருளில் மூலநிரல்தான் பற்றுச்சீட்டு. அது கையில் இருந்தால் புதிய புரொசெசருக்கு ஏற்ப மறுபடி மொழிமாற்றிக்கொள்ளலாம், சில பகுதிகளை மட்டும் கையால் திருத்த வேண்டியிருக்கும். மூலநிரல் தொலைந்த மென்பொருள் பழைய சிப்போடு சேர்ந்து போய்விடும். லினக்ஸ் போன்ற திறந்த மென்பொருள்கள் இந்த மாற்றத்துக்குப் பெரிய கைகொடுத்தன. 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13இல் ரிஸ்க்-ஃபைவ் முதன்முறையாக அதிகாரபூர்வமாகச் சேர்க்கப்பட்டது. அதே பதிப்பில் மிப்ஸ் நீக்கப்பட்டது. ஒரே வாசலால் ஒருவர் உள்ளே வர, மற்றவர் வெளியே போனார்.

இலவசம் எது, எது இலவசமல்ல?

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைத் திருத்த வேண்டும். ரிஸ்க்-ஃபைவ் என்றால் சிப் இலவசம் என்று சிலர் எண்ணுகிறார்கள். விதிதான் இலவசம். பி8700 வரைபடத்துக்கு மிப்ஸ் காசு வாங்கும். இரட்டைப் பதிவு முறைக்குக் கட்டணமில்லை, ஆனால் கணக்காளருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்த மாற்றத்தால் மிப்ஸ் இழந்ததும் உண்டு. முன்பு தன் மொழியில் வேறு யாரும் வரைபடம் விற்க முடியாது. இப்போது சைஃபைவ், ஆண்டிஸ் போன்ற நிறுவனங்களும் அதே மொழியில் கடை விரித்திருக்கின்றன. வாடிக்கையாளர் நாளைக்கே பக்கத்துக் கடைக்குப் போகலாம். வேலிக்குள் தனியாக இருந்த கடை, சந்தைக்கு நடுவே வந்துவிட்டது. கூட்டமும் உண்டு, போட்டியும் உண்டு. 2025இல் சிப் தயாரிப்பாளரான குளோபல்ஃபவுண்ட்ரீஸ் மிப்ஸை வாங்கியது. இம்முறை வாங்கியவருக்கு வேண்டியிருந்தது ரிஸ்க்-ஃபைவ் தெரிந்த மிப்ஸ்.

இந்தக் கதையை வாசிக்கும்போது எம்மவர் சிலருக்கு மனதில் ஒரு முள் குத்தலாம். சொந்த மொழியை விட்டதைப் பாராட்டுவதா என்று. புரொசெசரின் மொழி தாய்மொழி அல்ல. அது ஒருவர் வேலி போட்டு வைத்திருந்த சொத்து. தமிழுக்குச் சொந்தக்காரர் இல்லை. தமிழில் எழுத எவரிடமும் உரிமம் வாங்குவதில்லை. எவரும் அதைத் திறந்துவிட்டு அடுத்த வருடம் பூட்டவும் முடியாது. அந்த வகையில் தமிழோடு ஒப்பிடத்தக்கது கைவிடப்பட்ட மிப்ஸ் மொழி அல்ல, ரிஸ்க்-ஃபைவ்தான். பொதுவில் இருப்பதாலும் பலர் புழங்குவதாலுமே இரண்டும் வாழ்கின்றன. புழக்கம் குறைந்தால் பொதுவாக இருப்பதும் காப்பாற்றாது என்பதையும் சேர்த்தே நினைவில் வைப்போம்.

வீட்டளவில் செய்யக்கூடியவை இரண்டு. முதலாவது, அந்தப் பச்சை விளக்குப் பெட்டி. அது மிப்ஸோ ஆர்மோ, பழையதென்றால் அதன் தயாரிப்பாளர் இன்னும் பாதுகாப்பு மேம்படுத்தல் கொடுக்கிறாரா என்று பிள்ளைகளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கொடுப்பது நின்றிருந்தால் இணைய நிறுவனத்திடம் புதியதைக் கேளுங்கள். வங்கிக் கணக்கும் ஊரோடு கதைக்கும் கதையும் அதன் வழியாகத்தான் போகின்றன.

இரண்டாவது, கணினித்துறையில் நாட்டமுள்ள பிள்ளைகளுக்கு. ரிஸ்க்-ஃபைவின் விதிகள் முழுவதையும் இணையத்தில் இலவசமாக எடுத்து வாசிக்கலாம். அதைப் பாவனை செய்து காட்டும் மென்பொருள்களும் இலவசம். ஒரு புரொசெசர் எப்படி யோசிக்கிறது என்பதை மேசையில் இருந்தபடியே படிக்கலாம். எமது காலத்தில் இப்படியொன்றைப் படிப்பதற்குப் பெரிய நிறுவனமொன்றின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. இப்போது அங்கே கதவே இல்லை. பிள்ளைகள் உள்ளே போகட்டும்.